86 பேரோட மெயில் ஐடியும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, இப்ப நான் என்ன பண்றது மேடம்?

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல ஒண்ணு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சுது. எழுதினவங்க, மன அழுத்தத்துலேர்ந்து மீண்டு வர்றவங்களுக்காக நடக்கிற ஒரு சின்ன ஆதரவுக் குழுவோட ஒருங்கிணைப்பாளர். பேரு, ஊரு, அடையாளம் எதுவும் இங்க வராது, சில விவரங்களையும் மாத்தியிருக்கேன்.

மூணு வருஷமா மாசா மாசம் கூட்டத் தேதியைச் சொல்லி மெயில் போடறது இவங்க வேலை. எப்பவும் லிஸ்ட்டை முதல்ல, எல்லார் ஐடியும் எல்லாருக்கும் தெரியற டூ கட்டத்துல பேஸ்ட் பண்ணிட்டு, விஷயத்தை டைப் பண்ணி முடிச்சதும், கடைசியா அதை கட் பண்ணி, ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாம மறைக்கிற பிசிசி கட்டத்துல போடுவாங்களாம். அன்னைக்கு நடுவுல ஒரு போன் வந்திருக்கு, பேசிட்டு வந்து உட்கார்ந்தவங்க நேரா சென்ட் அழுத்திட்டாங்க. மொத்தம் 86 பேர். "பத்து நிமிஷத்துல ஒருத்தர் 'தேங்க்ஸ், நான் வர்றேன்'னு ரிப்ளை ஆல் போட்டப்பதான் விஷயமே புரிஞ்சுது, உடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க. உடனே அவுட்லுக்ல, அனுப்பின மெயிலைத் திரும்ப இழுக்கிற ரீகால் கொடுத்திருக்காங்க, நாலு பேருக்கு சக்சஸ்னு வந்திருக்கு. குழுவோட தலைவருக்கு போன் பண்ணினா, "விடும்மா, வெறும் மெயில் ஐடி தானே, யாராவது கேட்டா டெக்னிக்கல் எரர்னு சொல்லிடு"ன்னுட்டாராம்.

மறுநாள் ஒரு உறுப்பினர்கிட்டேர்ந்து தனியா ஒரு மெயில் வந்திருக்கு. ரெண்டே வரி. "அந்த லிஸ்ட்ல என் ஆபீஸ் மேனேஜர் பேர் இருக்கு. அப்ப அவரும் என் பேரைப் பார்த்திருப்பார் இல்ல?" அதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியாம ரெண்டு நாளா அப்படியே வெச்சிருக்காங்க.

இவங்க என்கிட்ட கேட்டது: இது சட்டப்படி குத்தமா, என் மேல கேஸ் வருமா, எல்லாருக்கும் "தயவுசெஞ்சு டெலீட் பண்ணிடுங்க"ன்னு ஒரு மெயில் போட்டா போதுமா, சென்ட் ஃபோல்டர்லேர்ந்து அந்த மெயிலை அழிச்சுடலாமா, நாளைக்குத் தலைவர் என் மேலயே பழியைப் போட்டா காட்டறதுக்கு எல்லாத்தையும் என் சொந்த ஐடிக்கு அனுப்பி வெச்சுக்கலாமா, இனிமே பிசிசி-ல கவனமா இருந்தா சரியாயிடுமா.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா. நீங்க தப்பு பண்ணியிருக்கீங்க, ஆனா இது நல்லா வேலை பார்க்கிற எத்தனையோ பேர் கை தவறிப் பண்ற தப்பு. இதுக்கு அப்புறம் நீங்க என்ன பண்றீங்கங்கறதுதான் அந்த 86 பேருக்கும் முக்கியம், சட்டமும் அதைத்தான் பார்க்கும்.

வெறும் மெயில் ஐடி தானே?

தலைவர் சொன்ன இந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்கணும், ஏன்னா இதை நீங்களும் பாதி நம்பிட்டீங்கன்னு உங்க கடிதத்துல தெரியுது. உங்க மெயிலை எடுத்துப் பாருங்க. உள்ள இருந்தது தேதி, நேரம், இடம், அவ்வளவுதான், அதுல ரகசியம்னு ஒரு வரி கூட இல்ல. ரகசியம் முழுக்க மேல இருந்தது, அந்த டூ வரியில. அந்தக் குழுவோட லிஸ்ட்ல ஒரு பேர் இருக்குன்னாலே அவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்திருக்குன்னு அர்த்தம் ஆயிடுது, வேற எதுவும் எழுதத் தேவையே இல்ல. அதனால நீங்க 86 மெயில் ஐடியைக் காட்டிட்டீங்கன்னு நினைக்காதீங்க, 86 பேரோட உடம்பு மனசு சம்பந்தமான ஒரு தகவலைக் காட்டிட்டீங்க. நிறைய பேரோட ஐடியே அவங்க முழுப்பேரா இருக்கும், அது இல்லாட்டியும் காண்டாக்ட்ல சேவ் பண்ணியிருக்கிற பேரும் ப்ரொஃபைல் போட்டோவும் தெரியும்.

லண்டன்ல 56 டீன் ஸ்ட்ரீட்னு ஒரு கிளினிக், 2015 செப்டம்பர்ல எச்ஐவி சேவைகள் பத்தின ஒரு நியூஸ்லெட்டரை 781 பேருக்கு அனுப்பினாங்க, பிசிசி-க்கு பதிலா டூ. அதுல 730 ஐடி முழுப்பேரோட இருந்துது. அந்த லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் எச்ஐவி இல்ல, ஆனா பார்க்கிறவங்க அப்படித்தானே நினைப்பாங்க. தனிப்பட்ட தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கிற, பிரிட்டனோட தகவல் ஆணையர் அலுவலகம் அடுத்த வருஷம் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு 1,80,000 பவுண்டு அபராதம் போட்டுது. இதுக்கு முன்னாடி 2010-லயும் அதே இடத்துல 17 பேர் விஷயத்துல இதே தப்பு நடந்திருந்தது, அதுக்கப்புறமும் முறையை ஒழுங்காச் சரி பண்ணலைங்கறது பெரிய குறையா சொல்லப்பட்டுது.

2021 செப்டம்பர்ல பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமே, ஆப்கானிஸ்தான்லேர்ந்து வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு இதே மாதிரி டூ-ல போட்டு அனுப்பிட்டாங்க. 55 பேரோட போட்டோவும் சேர்ந்து தெரிஞ்சுது. ரெண்டு பேர் ரிப்ளை ஆல் போட்டாங்க, அதுல ஒருத்தர் தான் இருக்கிற இடத்தையே எழுதிட்டார். தாலிபான் கைக்கு அது போயிருந்தா உயிருக்கே ஆபத்துன்னு சொல்லி 2023 டிசம்பர்ல 3,50,000 பவுண்டு அபராதம். உங்களைப் பயமுறுத்த இதெல்லாம் சொல்லலை. அடுத்த தடவை யாராவது "மெயில் ஐடி தானே"ன்னு சொன்னா பதில் சொல்ல உங்ககிட்ட ஏதாவது இருக்கணும்.

ரீகால் ஆன நாலு பேர்

அந்த நாலு பேர் யாருன்னு பாருங்க, பெரும்பாலும் உங்க குழுவோட சொந்த மெயில் கணக்கு வெச்சிருக்கிற உள் ஆட்களாத்தான் இருப்பாங்க. அவுட்லுக் ரீகால் ஒரே நிறுவனத்துக்குள்ள இருக்கிற மெயில்பெட்டிகள்லதான் வேலை செய்யும், ஜிமெயில், யாஹூன்னு வெளில போனதை அது தொடக்கூட முடியாது. ஜிமெயில்ல இருக்கிற அன்டூ சென்ட் கூட போன மெயிலைத் திரும்ப இழுக்கிறது கிடையாது, அனுப்பாம அதிகபட்சம் 30 செகண்ட் பிடிச்சு வெச்சிருக்கும், அவ்வளவுதான். அதனால மீதி 82 பேர்கிட்டயும் மெயில் இருக்குன்னே வெச்சுக்கிட்டு யோசிங்க.

டெலீட் பண்ணுங்கன்னு மெயில் போடலாமா

போடணும், ஆனா அவசரத்துல போடக்கூடாது, இதுக்கு ஒரு கதை இருக்கு. இங்கிலாந்துல சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரிச்ச அரசு விசாரணைக் குழு 2017 பிப்ரவரியில 90 பேருக்குச் சரியா பிசிசி-ல ஒரு மெயில் அனுப்பினாங்க. அதுல ஏதோ ஒரு தப்பு இருந்ததுன்னு திருத்தம் அனுப்பினப்ப, அந்தத் திருத்தம் டூ-ல போயிடுச்சு. அப்புறம் அதை டெலீட் பண்ணுங்கன்னு மூணு மெயில் போட்டாங்க, அதுல ஒண்ணுக்கு மட்டும் 39 ரிப்ளை ஆல் வந்துது. ஒவ்வொரு ரிப்ளை ஆல்லயும் அந்த லிஸ்ட் திரும்பத் திரும்ப எல்லார் மெயில்பெட்டியிலயும் மேல வந்து நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கொடுமைக்கு ஆளானவங்களா இருக்கக்கூடியவங்களோட லிஸ்ட் அது. 2,00,000 பவுண்டு அபராதம் ஆச்சு.

அதனால நீங்க அனுப்பறது 86 தனித்தனி மெயில். ஆமா, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு, கையால பண்ணினாலும் ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும், பக்கத்துல யாரையாவது உட்கார வெச்சு டூ வரியை மட்டும் பார்க்கச் சொல்லுங்க. பழைய மெயிலைத் திறந்து அதுலேர்ந்து ரிப்ளை போடாதீங்க, புதுசா எழுதுங்க. சப்ஜெக்ட்ல குழுவோட பேரோ "மன அழுத்தம்"ங்கற வார்த்தையோ வேண்டாம், போன் லாக்ல இருக்கும்போதே சப்ஜெக்ட் திரையில தெரியும், பக்கத்துல இருக்கிறவங்க படிப்பாங்க. விஷயம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"இந்தத் தேதியில, இத்தனை மணிக்கு நான் அனுப்பின கூட்ட அறிவிப்புல உங்க மெயில் ஐடி மத்த 85 பேருக்கும் தெரியற மாதிரி போயிடுச்சு. இது என்னோட தவறு. போனது மெயில் ஐடியும் அதோட வர்ற பேரும் மட்டும்தான், நீங்க கூட்டத்துல பேசினது எதுவும் அதுல இல்ல. அந்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், டெலீட் பண்ணிட்டு ட்ராஷ்லேர்ந்தும் எடுத்துடுங்க. இதனால உங்களுக்கு ஏதாவது சங்கடம்னா நேரா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, நானே பேசறேன்."

டெக்னிக்கல் எரர்னு எழுதாதீங்க. அது பொய், அந்த மெயிலைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அது பொய்னு தெரியும், அப்புறம் நீங்க உண்மையாச் சொல்ற மீதி எதையும் நம்ப மாட்டாங்க. எல்லாரும் டெலீட் பண்ணிடுவாங்கன்னும் எதிர்பார்க்காதீங்க. ரிப்ளை ஆல் போட்ட அந்த ஒருத்தரோட காண்டாக்ட்ல இப்ப மத்த 85 பேரும் தானாவே சேர்ந்திருக்க வாய்ப்பிருக்கு, நாளைக்கு அவர் வேற யாருக்கோ மெயில் எழுதும்போது முதல் ரெண்டு எழுத்து அடிச்சதும் இவங்க பேர் வந்து நிக்கும். அவர்கிட்ட மட்டும் தனியா இதையும் சொல்லி எடுக்கச் சொல்லுங்க.

கேஸ் வருமா

உங்க நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாச் சொல்ல முடியும், உள்ளூர்ல ஒரு வக்கீலைக் கட்டாயம் பாருங்க. ஆனா பொதுவா இந்த மாதிரி சட்டங்கள் எப்படி யோசிக்கும்னு தெரிஞ்சுக்க ஐரோப்பாவோட தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரை எடுத்துக்கலாம், 2018 மே மாசத்துலேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுல ஒரு ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் தனிப்பட்ட தகவல்தான், உடல்நலம் மனநலம் சம்பந்தப்பட்டதுன்னா கூடுதல் பாதுகாப்பு. வேணும்னு பண்ணாம கை தவறிப் போனாலும் அது தகவல் மீறல்தான். யாருக்கும் பாதிப்பு வர வாய்ப்பில்லைன்னு சொல்ல முடியாத எந்த மீறலையும், தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லணும், லேட்டாச்சுன்னா ஏன் லேட்டுன்னு காரணத்தோட சொல்லணும். சம்பந்தப்பட்டவங்களுக்குப் பெரிய பாதிப்பு வரலாம்னா அவங்களுக்கும் தாமதிக்காம சொல்லணும்.

பொறுப்பு யாருக்குன்னா, லிஸ்ட்டை எதுக்கு, எப்படி பயன்படுத்தறதுன்னு முடிவு பண்ற அமைப்புக்கு, அதாவது உங்க குழுவுக்கு. சென்ட் அழுத்தினது உங்க விரல்தான், ஆனா 86 பேரோட பேரைக் காப்பாத்தறதுக்கு ஒருத்தரோட கவனத்தைத் தவிர வேற எந்த ஏற்பாடும் பண்ணாம மூணு வருஷம் விட்டது அமைப்பு. கை தவறினதுக்காக ஊழியர் மேல தனியா நடவடிக்கை வர்றது அபூர்வம். ஆனா தெரிஞ்சே மறைச்சாலோ, அழிச்சாலோ, பொய் சொன்னாலோ அங்க நிலைமை மாறிடும், அந்த மூணும் விரல் தவறி நடக்கிற காரியம் இல்லியே.

அதனாலதான் சென்ட் ஃபோல்டர்ல இருக்கிற மெயிலை இப்ப அழிக்காதீங்கன்னு சொல்றேன். யார் யார் பேர் போச்சுங்கறதுக்கு இருக்கிற ஒரே சரியான பதிவு அதுதான். எல்லாருக்கும் சொல்லி முடிச்சு, புகார் எதுவும் இருந்தா அதுவும் முடிஞ்சதுக்கப்புறம், குழுவா முடிவெடுத்து நீக்கலாம்.

தலைவர் விஷயம். உங்க பயம் எனக்குப் புரியுது, ஆனா ஆதாரத்துக்காக அந்த மெயிலை உங்க சொந்த ஐடிக்கு அனுப்பவே கூடாது, பிசிசி-ல வெச்சாலும் சரி. அனுப்பினா அதே லிஸ்ட் இன்னொரு தடவை வெளில போனதா ஆயிடும், முதல் தடவை கை தவறிச்சு, ரெண்டாவது தடவை தெரிஞ்சே பண்ணினதா இருக்கும். அதுவும் இல்லாம, பிசிசி போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நீங்க நினைக்கலாம், ஆனா உங்க சென்ட் ஃபோல்டர்ல அந்த பிசிசி அப்படியே இருக்கும், ஆபீஸ் கணக்குன்னா சர்வர் பதிவுலயும் இருக்கும், நிர்வாகி எடுத்துப் பார்க்கலாம். இதுக்கு பதிலா இன்னைக்கே தலைவருக்கு ஆபீஸ் ஐடியிலேர்ந்து மரியாதையா ஒரு மெயில் போடுங்க: என்னைக்கு என்ன நடந்துது, உங்களுக்கு எப்ப போன்ல சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க, உறுப்பினர்களுக்குச் சொல்லணும்னு நான் ஏன் நினைக்கிறேன், உங்க ஒப்புதல் வேணும். யார் பேரும், யார் ஐடியும் இல்லாம. அந்த ஒரு மெயிலே உங்களுக்குப் பாதுகாப்பு. அவர் வேண்டாம்னா அதை எழுத்துல சொல்லட்டும், நிர்வாகக் குழுவுல மத்தவங்களுக்கும் விஷயத்தைக் கொண்டு போங்க.

இனிமே பிசிசி போதுமா

போதாதும்மா. பிசிசி எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா ஏன்னு தெரியும். தபால்ல கவர் மேல எழுதற அட்ரஸ் வேற, உள்ள லெட்டர்ல "பெறுநர்"னு எழுதறது வேற இல்லியா, மெயில்லயும் அப்படித்தான். யாருக்குப் போகணும்ங்கறதை உங்க சர்வர் அடுத்த சர்வருக்குத் தனியாச் சொல்லும், அது கவர். நாம பார்க்கிற டூ, சிசி எல்லாம் உள்ள இருக்கிற லெட்டர். பிசிசி-ல போட்ட ஐடி கவர்ல இருக்கும், லெட்டர்ல இருக்காது. டைப்ரைட்டர் காலத்துலயே இந்த வழக்கம் உண்டு, கார்பன் வெச்சு அடிச்சுட்டு, மூலப்பிரதியை எடுத்துட்டு, பிரதிகள்ல மட்டும் யாருக்கு இன்னொரு காப்பி போகுதுன்னு அடிப்பாங்க. மெயிலோட வடிவத்தை வரையறுக்கிற ஆர்எஃப்சி 5322ங்கற ஆவணம் பிசிசி வரியைக் கையாள மூணு விதத்தை அனுமதிக்குது, அதுல ஒரு விதத்துல பிசிசி-ல இருக்கிறவங்களுக்குப் போற காப்பியில அந்த வரி இருக்கலாம். இன்னைக்கு நாம சாதாரணமா பயன்படுத்தற மெயில்கள் அதை எடுத்துட்டுத்தான் அனுப்புது, ஆனா பிசிசிங்கறது பூட்டு கிடையாதுன்னு மட்டும் நினைவுல வெச்சுக்கங்க.

அது மறைக்கிறது பேர் லிஸ்ட்டை மட்டும்தான். மெயில்ல இருக்கிற விஷயத்தை மறைக்காது, பிசிசி-ல வந்தவர் அதை ஃபார்வர்ட் பண்றதைத் தடுக்காது. பிசிசி-ல இருக்கிறவர் ரிப்ளை ஆல் போட்டா மத்த பிசிசி ஆட்களுக்குப் போகாது, ஆனா டூ, சிசி-ல இருக்கிற எல்லாருக்கும் போகும், இவர் ரகசியமா அந்த மெயிலைப் பார்த்திருக்கார்னு அப்ப வெளில வந்துடும். ஆபீஸ்கள்ல எத்தனையோ சண்டை இதுலதான் ஆரம்பிச்சிருக்கு, யாருக்காவது காப்பி கொடுக்கணும்னா அனுப்பின மெயிலைத் தனியா ஃபார்வர்ட் பண்ணுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது அதுக்காகத்தான்.

உங்க விஷயத்துல இதைவிடப் பெரிய குறை, பிசிசி-ல ஒவ்வொரு மாசமும் ஒரே ஒரு கட்டத்தை நம்பி 86 பேரோட நிம்மதி நிக்குது. அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மெயிலாப் போற முறைக்கு மாறுங்க, லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தானாவே தனி மெயில் தயார் பண்ற மெயில் மெர்ஜ் பண்ணலாம், இல்லாட்டி நியூஸ்லெட்டர் அனுப்பற சேவை எதையாவது எடுக்கலாம். அதுல டூ-ல எப்பவும் ஒரே பேர்தான் இருக்கும், தப்பு பண்ணவே இடம் இருக்காது. சேவையை எடுத்தா லிஸ்ட் அவங்க கையிலயும் இருக்கும்ங்கறதால விதிமுறையைப் படிச்சுட்டு எடுங்க. மாறற வரைக்கும், டூ-ல உங்க ஐடியை மட்டும் போட்டு, லிஸ்ட்டை நேரா பிசிசி-ல பேஸ்ட் பண்ணுங்க, அதுவும் விஷயத்தை எழுதி முடிச்சப்புறம். டூ-ல பேஸ்ட் பண்ணி கட் பண்ற பழக்கத்தை இன்னையோட விடுங்க. அவுட்லுக்ல அனுப்பற மெயில் ஒரு பத்து நிமிஷம் காத்திருந்து போற மாதிரி ரூல் போட முடியும், அதையும் போட்டுக்கங்க. உங்களுக்கு அந்த ரிப்ளை ஆல் வந்ததே பத்து நிமிஷத்துலதான்.

லிஸ்ட்டையும் ஒரு தடவை பாருங்க. மூணு வருஷத்துல வராம நின்னு போனவங்க எத்தனை பேர் அந்த 86-ல இருக்காங்க? கூட்டத்துக்கு வர்றதை நிறுத்தினவங்க பேரும் அன்னைக்குப் போயிருக்கும்.

கடைசியா அந்த மேனேஜர் பத்தி எழுதினவங்க. மத்த 85 மெயிலுக்கும் முன்னாடி அவங்களுக்கு எழுதுங்க, முடிஞ்சா எழுதறதுக்கு முன்னாடி போன் பண்ணிப் பேச நேரம் கேளுங்க. "ஆமா, அவர் பார்த்திருக்கலாம்"னு உண்மையைச் சொல்லுங்க, பார்த்திருக்க மாட்டார்னு தேத்தாதீங்க. அந்த மேனேஜரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச எதையும் இவங்ககிட்ட சொல்லாதீங்க, அவரும் உங்க உறுப்பினர்தான், அவர் பேரும் இவங்ககிட்ட போயிடுச்சு, அதே பயத்துல அவரும் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் தனியா போன் பண்ணுங்க, இவங்க கேட்டாங்கங்கறதைச் சொல்லாம. இவங்களுக்கு வேலையில ஏதாவது தொந்தரவு வந்தா குழு கூட நிக்கும், தேவைன்னா சட்ட உதவிக்கு ஏற்பாடு பண்ணும்னு சொல்லுங்க, ஆனா சொல்றதுக்கு முன்னாடி தலைவர்கிட்ட அந்த ஒப்புதலை வாங்கிடுங்க. கூட்டத்துக்கு இனிமே வரலைன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டேன்னு அன்னைக்கே ஒரு வரி அனுப்புங்க.